படியேறிய பிறகு ஒரு நிமிடம்



சென்ற தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, தலையான பாவங்கள் ஏழினுள் ஒன்றாகிய போசனப்பிரியத்தைப் பற்றி நான் பிரசங்கம் செய்தேன். பிரசங்கம் நன்றாக அமைந்துவிட்டதென்று எனக்கு நானே மெச்சிக்கொண்டதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உண்டு கொழுத்த உடலைச் சுமந்து கோயிற்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறவர்களைப் பற்றி இரண்டொரு வேடிக்கையும் அதில் சேர்த்திருந்தேன். மக்கள் சிரித்தார்கள். எல்லாரினும் உரக்கச் சிரித்தவர் முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு கணக்கர். நாணற்குச்சி போன்ற மெல்லிய தேகம் அவருக்கு.

அன்று மாலையே பங்கு இல்லத்தின் திண்ணையில் ஒரு தாய் வந்து அமர்ந்திருந்தார். 52 வயது. கருக்கலில் கடற்கரையில் ஏலம் முடிந்ததும் மீன் கடவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, உள்நாட்டுச் சிற்றூர்களில் தெருத்தெருவாக நடந்து விற்றுவிட்டு நண்பகலுக்குமேல் வீடு திரும்புகிறவர். கனத்த சரீரம். எழுந்து நின்று, எவ்விதக் கோபமுமின்றி அவர் கேட்ட கேள்வி இதுதான்: “சாமி, காலைல பிரசங்கத்துல நீங்க என்னயத்தான பாத்தீங்க?”

இல்லையென்றேன். அது முழு உண்மையன்று.

“பாத்தா என்ன சாமி, அது கெடக்கட்டும். எம் மவன் அதக் கேட்டுட்டு, இனி நீ நடந்து விக்கப் போவண்டாம், வண்டி ஒண்ணு வாங்கியாறேன், ஒரே எடத்துல உக்காந்து வியாபாரம் பண்ணுன்னு சொல்லுதான். ஊரு சிரிக்குதாம். நடக்கிறதயும் விட்டுட்டா நான் என்னத்துக்கு ஆவேன்?”

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. “மகன் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறான், அம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விடை ஆறு வாரங்கள் கழித்து, எங்கள் பங்குப் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில், 12 அங்குல உயரமுள்ள ஒரு மரப்பலகையின் உருவில் வந்து சேர்ந்தது.

முகாமுக்கு வந்திருந்த செவிலியரான அருட்சகோதரி, எடை பார்த்தல், சர்க்கரை பார்த்தல், இரத்த அழுத்தம் பார்த்தல் ஆகிய வழக்கமான சடங்குகளோடு நின்றுவிடவில்லை. நெஞ்சுவலிக்காரர்களையும், இரத்த அழுத்தம் மிகுந்தவர்களையும், மயக்கம் வருகிறவர்களையும் விலக்கிவிட்டு, விருப்பமுள்ள மற்றவர்களை அப்பலகையின்மேல் ஏறி இறங்கச் செய்தார். நிமிடத்திற்கு 24 தடவை, மொத்தம் 3 நிமிடம். உலகின் பல உடற்பயிற்சி நிலையங்களில் பல்லாண்டுகளாக வழங்கிவரும் எளிய சோதனை இது. ஏறி முடிந்தவுடன், கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்கெல்லாம் அறிமுகமாகிவிட்ட, விரல் நுனியில் மாட்டும் அச்சிறு கருவியை மாட்டி நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டார். நின்றபடியே ஒரு நிமிடம் கழிந்ததும் மறுபடியும் குறித்தார். இரண்டிற்குமுள்ள வித்தியாசமே அவருக்கு வேண்டிய எண்.

பங்குத் தந்தை முன்மாதிரி காட்ட வேண்டுமென்று என்னை முதலில் ஏற்றிவிட்டார்கள். என் துடிப்பு 148இல் நின்றது; ஒரு நிமிடத்திற்குப் பின் 137. வித்தியாசம் 11. அடுத்து நமது கணக்கர்: 144, பிறகு 134. வித்தியாசம் 10. அதன் பிறகு, முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தத் தாய் ஏறினார். 131, ஒரு நிமிடத்தில் 103. வித்தியாசம் 28.

அருட்சகோதரி என்னைப் பார்த்தார். “ஃபாதர், அவருடைய இருதயம் இளைப்பாறத் தெரிந்த இருதயம். உங்களுடையதற்கு அது மறந்துபோய்க்கொண்டிருக்கிறது” என்றார்.

அச்சொல் என்னை விடவில்லை. படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் உறுதியானவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இம்மாதப் பகுதியின் நோக்கம்.

நமது இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை துடிக்கிறது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சு இருதயத்தின் உள்ளேயே இருக்கிறது. எந்த நரம்பின் கட்டளையுமின்றி அம்முடிச்சைத் தன்போக்கில் விட்டுவிட்டால் அது நிமிடத்திற்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஆனால் நாம் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது நம் நாடி எழுபது, எழுபத்தைந்து என்றுதான் ஓடுகிறது. ஏன்? ஒரு நரம்பு இடைவிடாமல் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால். அதற்கு வேகஸ் நரம்பு என்று பெயர். குருமடத்தில் இலத்தீன் பாடத்தை நான் விரும்பிப் படித்தவனல்லன். ஆயினும் இவ்விடத்தில் அது உதவுகிறது. ‘வாகுஸ்’ என்றால் அலைந்து திரிவது என்று பொருள். மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியே இறங்கி, இருதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று வயிறு வரை அலைந்து செல்லும் நரம்பாதலால் அப்பெயர் பெற்றது.

இந்நரம்பைத் தூண்டினால் இருதயம் வேகங்குன்றும் என்பதை வேபர் என்னும் ஜெர்மானியச் சகோதரர் இருவர் 1845இல் கண்டறிந்தனர். நரம்பு இருதயத்தோடு எவ்வாறு பேசுகிறது என்பது மட்டும் மேலும் முக்கால் நூற்றாண்டுக் காலம் புதிராகவே இருந்தது. அப்புதிரை அவிழ்த்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பேராசிரியராயிருந்த ஓட்டோ லோவி. அவர் பின்னாளில் கூறிய வரலாறு சுவையானது. ஈஸ்டர் காலத்து இரவொன்றில் கனவில் ஒரு சோதனை முறை அவருக்குத் தோன்ற, பாதித் தூக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவைத்தார். காலையில் தம் கையெழுத்தே தமக்கு விளங்கவில்லை. மறுநாள் இரவு அதே கனவு மீண்டும் வந்தது. இம்முறை எழுதிவைக்கும் அபாயத்தை மேற்கொள்ளாமல் நேரே ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார். ஒரு தவளை இருதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அது மெதுவானதும் அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இருதயத்தின்மேல் விட்டார். நரம்பே இல்லாத அந்த இரண்டாம் இருதயமும் மெதுவாயிற்று! நரம்பு ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்தே இருதயத்தை அடக்குகிறது என்பது தெளிவாயிற்று. 1921இல் இதனை வெளியிட்ட லோவிக்கும், அப்பொருளை ஆராய்ந்த இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு கிட்டியது. யூதராகிய லோவியை 1938இல் நாட்சிகள் சிறைப்படுத்தி, அப்பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்ட பிறகே நாட்டை விட்டு வெளியேறவிட்டார்கள்.

இனிப் படியேறுவதற்கு வருவோம். நாம் படியேறத் தொடங்கியவுடன் உடல் முதலில் செய்யும் காரியம், வேகஸ் பிடித்திருக்கும் கடிவாளத்தைத் தளர்த்துவது. அதன் பின்பே, விரட்டும் நரம்புகள் சவுக்கை எடுக்கின்றன. நாம் நின்றவுடன் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. சவுக்கின் வேகம் தணியச் சற்று நேரம் பிடிக்கும். இரத்தத்தில் கலந்துவிட்ட ஊக்கப் பொருள்கள் உடனே மறைவதில்லை. கடிவாளமோ நொடிகளில் இழுபட வேண்டும். ஆகவே ஓய்வின் முதல் நிமிடத்தில் நாடி எவ்வளவு இறங்குகிறது என்பது, பெரும்பாலும் வேகஸ் நரம்பு எவ்வளவு விரைவாகவும் வலுவாகவும் திரும்பி வருகிறது என்பதன் அளவேயாகும். இதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. 1967இல் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாகச் செய்த இருதய மாற்று சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாற்றிப் பொருத்தப்பட்ட இருதயத்தில் பழைய நரம்பிணைப்பு இராது. அது ஓய்விலும் நூறையொட்டித் துடிக்கும். உழைப்பு நின்ற பிறகும் வேகங்குறைய நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். இருதயம் நல்ல இருதயம்தான், கடிவாளம் இல்லை.

இந்த ஒரு நிமிடம் ஏன் முக்கியமென்பதை உலகறியச் செய்தது, 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு. முன்னர் இருதயச் செயலிழப்போ அடைப்பு நீக்கும் சிகிச்சையோ இல்லாத 2,428 பேரை, சராசரி வயது 57, ஓடும் பட்டையின்மேல் நடக்கவைத்துச் சோதித்தார்கள். உச்ச உழைப்பை எட்டியதும் வேகத்தைக் குறைத்து மெதுவாக நடக்கவிட்டு, முதல் நிமிட முடிவில் துடிப்பு எவ்வளவு குறைந்ததென்று குறித்தார்கள். 12 அல்லது அதற்கும் குறைவாக மட்டுமே இறங்கியோர் 639 பேர். ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது மொத்தம் 213 பேர் இறந்துபோயினர். நாடி மந்தமாக இறங்கியவர்களிடையே இறப்பின் அபாயம் மற்றவர்களைவிட நான்கு மடங்காக இருந்தது. வயது, புகைத்தல், உடற்தகுதி முதலிய பிற காரணங்களையெல்லாம் கழித்துப் பார்த்த பின்னும் இரண்டு மடங்காகவே நின்றது.

12! என் எண் 11 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதை வாசித்த இரவில் நான் நன்றாக உறங்கவில்லை. மறுநாள் அருட்சகோதரி தொலைபேசியில் என் அச்சத்தை ஓரளவு தணித்தார். மருத்துவமனையின் ஓடும் பட்டையும் நமது பள்ளிக்கூடத்துப் பலகையும் ஒன்றல்ல. அங்கே உச்ச உழைப்புவரை கொண்டுசெல்கிறார்கள்; இங்கே அவ்வாறில்லை. அளக்கும் நிலையும் கணக்கை மாற்றும்: உழைப்பு நின்றவுடன் ஆளைப் படுக்கவைத்து அளந்த வேறோர் ஆய்வில் அந்த எல்லைக்கோடு 12 அன்று, 18. ஆகவே இவ்வெண் ஒரு தீர்ப்பன்று. கதவைத் தட்டும் ஒலி மாத்திரமே. தட்டுவது யாரென்று பார்க்க வேண்டியவர் மருத்துவர். நான் போய்ப் பார்த்தேன். கணக்கர் இன்னும் போகவில்லை. தாம் மெலிந்தவராதலால் தமக்கொன்றும் வராதென்பது அவருடைய வாதம். அவர் இவ்விதழை அட்டை முதல் அட்டை வரை வாசிக்கிறவர் என்பதை நானறிவேன்.

இனி எடையின் பங்கு யாது? அதில் ஐயத்திற்கே இடமில்லாத பகுதியொன்று உண்டு. அந்தப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்திற்கு 24 தடவை, 3 நிமிடம் என்றால் 72 தடவை. ஒவ்வொரு தடவையும் ஓர் அடி. ஆகவே 72 அடி உயரமுள்ள மணிக்கூண்டு ஒன்றின் உச்சிக்கு நம் உடலை நாமே தூக்கிச் சென்றதற்குச் சமம். 60 கிலோ உடையவரும் 85 கிலோ உடையவரும் ஒரே நேரத்தில் ஏறினால், இரண்டாமவர் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியவராகிறார். அச்சிப்பத்தை அவர் மணிக்கூண்டின் உச்சியிலும் இறக்கிவைக்க முடியாது. உறங்கும்போதும் இறக்கிவைக்க முடியாது. கொழுப்பும் உயிருள்ள திசுவே. அதற்கும் இரத்தம் ஓட வேண்டும். ஆகவே பருத்த உடலின் இருதயம் ஓய்விலும் கூடுதலான இரத்தத்தை இறைக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் சுவர் தடிக்கிறது. வயிற்றினுள் சேரும் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சைக் குறுக்குகிறது. இவையனைத்தோடும், விரட்டும் நரம்புகள் எப்போதும் சற்று விழித்தே இருக்கின்றன. வேகஸின் பிடி தளர்ந்துபோகிறது. அதனால்தான் பருத்தவர்களிடம் அந்த முதல் நிமிட இறக்கம் பொதுவாகக் குறைவாகக் காணப்படுகிறது. இது திரும்பப் பெற இயலாத இழப்பு என்று எண்ண வேண்டாம். எடை மிகுந்த ஆண்களை உணவுக் கட்டுப்பாட்டின் மூலம் இளைக்கச் செய்தபோது, நாடி இறங்கும் வேகம் மேம்பட்டதென்று 2006இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

ஆனால் இவ்விடத்தில்தான் என் பிரசங்கம் தடுக்கி விழுகிறது. எடையே எல்லாமென்றால், அந்தத் தாயின் நாடி 28 இறங்கியதெப்படி? கணக்கரின் நாடி 10 மட்டுமே இறங்கியதெப்படி?

எடையை உயரத்தோடு சேர்த்து நோக்கும் கணக்கை 1830களில் வகுத்தவர் பெல்ஜிய நாட்டுக் கணித மேதை அடோல்ஃப் கெத்லே. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. அவர் மருத்துவரல்லர், சராசரி மனிதன் எப்படியிருப்பான் என்று அறிவதே அவர் நாட்டம். 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் அதற்கு உடல் நிறைக் குறியீடு என்ற பெயரை நிலைநிறுத்தினார். இந்தியருக்கு 23க்கு மேற்பட்டால் மிகுஎடை, 25க்கு மேற்பட்டால் பருமன் என்று நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2009இல் ஒருமித்து வகுத்தனர். என் எண் 30ஐத் தாண்டுகிறது. அந்தத் தாயுடையது 32. கணக்கருடையது 20; குறைசொல்ல இடமில்லை.

ஆயினும் தராசுக்குத் தெரிவது மொத்த எடைதான். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது அறியாது. 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஒரு பக்கச் சித்திரம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. புனே நகரின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் அது. இருவருடைய உடல் நிறைக் குறியீடும் 22.3, எள்ளளவும் வேற்றுமையில்லை. ஆனால் கொழுப்பின் பங்கை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, நம் யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு! மெலிந்த தோற்றத்தினுள்ளே கொழுப்பைப் பொதிந்துவைத்திருப்பது இந்திய உடலின் இயல்புகளுள் ஒன்று. ஆகையால் தராசோடு அளவு நாடாவையும் எடுங்கள் என்கிறார்கள். கீழ் விலாவிற்கும் இடுப்பெலும்பிற்கும் நடுவே சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது. என் விஷயத்தில் நாடாவே தேவையில்லை. திருப்பலிக்கு அங்கியின்மேல் கட்டும் இடைக்கச்சையின் முடிச்சு ஆண்டுதோறும் நுனியை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. சக்கிரீஸ்தில் அதைக் கவனித்தும் கவனியாததுபோல் இருப்பவர் எங்கள் கோயிற்பிள்ளை.

இடுப்பளவைப் பற்றிப் பேசும்போது, நான் படித்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த வரலாற்றைச் சொல்லாமலிருக்க முடியாது. அது லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாரடைப்பு பெருகிவந்த காலம். அதன் காரணத்தைத் தேடிய ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவர், போக்குவரத்துக் கழகத்தில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 31,000 ஊழியர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தார். ஒரே பேருந்து, ஒரே பாதை, ஏறத்தாழ ஒரேவிதமான குடும்ப நிலை. ஓட்டுநர் பணி நேரத்தின் பெரும்பகுதியும் இருக்கையில் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரு நாளில் 500 முதல் 750 படிகள். மோரிஸ் கண்டது என்ன? நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது. வந்தபோதும் உயிரைப் பறிப்பது குறைவாயிருந்தது. நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொடுக்கும் தபால்காரர்களையும், அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரியும் எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் அவ்வாறே. 1953இல் இவற்றை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்.

உடனே ஒரு மறுப்பு எழுந்தது, நியாயமான மறுப்புத்தான். பருத்தவர்கள் தொடக்கத்திலேயே ஓட்டுநர் வேலையைத் தேர்ந்துகொண்டிருக்கலாமல்லவா? அப்படியாயின் நோய்க்குக் காரணம் இருக்கை அன்று, எடையே. மோரிஸும் அவர் தோழர்களும் இதற்கு விடைதேடிச் சென்ற இடத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே வருகின்றன. அவர்கள் சென்றது தையற்கூடத்தின் ஏடுகளுக்கு! கழகம் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்ததால், ஒவ்வொருவருடைய கால்சட்டை இடுப்பளவும் அங்கே பதிவாகியிருந்தது. பார்த்தார்கள். எல்லா வயதிலும் ஓட்டுநர்களின் இடுப்பே பெரிதாயிருந்தது. தமது முடிவுக்கே இடையூறாக நின்ற அவ்வுண்மையை மறைக்காமல் 1956இல் அச்சேற்றினார்கள். பின்னர் மேலும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1966இல் மற்றோர் உண்மையையும் வெளியிட்டார்கள். மெல்லிய இடுப்பினர், நடுத்தர இடுப்பினர், பெருத்த இடுப்பினர் என்று பிரித்துவைத்துப் பார்த்தாலும், ஒவ்வொரு பிரிவிலும் படியேறியவர்களே உட்கார்ந்திருந்தவர்களைவிட நன்றாயிருந்தனர். மோரிஸ் 2009இல், தமது 99ஆம் வயதில் காலமானார்.

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஸ்டீவன் பிளேர் முதலியோர் 21,925 ஆண்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவும் இதற்கிசைந்ததே. உடற்தகுதி பெற்ற பருத்தவர்களைவிட, தகுதியற்ற மெலிந்தவர்களிடமே இறப்பின் அபாயம் மிகுந்திருந்தது.

இதைக் கேட்டுப் பருத்தவர்கள் பாயசத்திற்கு மறுகரண்டி கேட்கத் தொடங்கிவிடலாகாது. மிகுந்த எடைக்குக் கணக்குத் தீர்க்கும் வேறு இடங்கள் உடலில் பல உள. அந்தத் தாயின் இரத்தத்தில் சர்க்கரை இருக்கவேண்டிய அளவைத் தாண்டியிருப்பதை அதே முகாம்தான் கண்டுபிடித்தது. முழங்கால் மூட்டுகள் தேய்ந்துவிட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிவருகிறார். சோற்றின் அளவைக் குறைத்திருக்கிறார். நல்ல இருதயம் அவருக்கு விதிவிலக்குச் சீட்டு எதுவும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. ஆனால் நடையை நிறுத்திவிட்டு எடையை மட்டும் பார்த்துக்கொள் என்று அவருக்குச் சொல்வது, நடத்துநரை அழைத்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைப்பதாகும். என் பிரசங்கத்தின் விளைவாக நடக்கவிருந்தது அதுவே.

வீட்டில் இதனைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர்க்குச் சில வார்த்தைகள். இருதய நோயுள்ளவர்கள், நெஞ்சுவலியோ மயக்கமோ வருகிறவர்கள், கருவுற்ற தாய்மார்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்யவே கூடாது. இரத்த அழுத்தத்திற்கென்று, இருதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்கிறவர்களுக்கு இவ்வெண்கள் பொருந்தா. மற்றவர்கள் தங்களுக்கு வழக்கமான ஒரு படிக்கட்டில், வழக்கமான வேகத்தில் மூன்று நிமிடம் ஏறி இறங்கி, நின்றவுடன் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் நாடியைப் பிடித்து 10 விநாடிகள் எண்ணி ஆறால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் தடாலென்று கட்டிலில் சாயாமல் நின்றோ மெல்ல நடந்தோ இருங்கள். காப்பி குடித்தவுடன், காய்ச்சலின்போது, உறக்கங்கெட்ட மறுநாள், உச்சி வெயிலில் அளந்தால் கணக்கு தவறும். கணவனும் மனைவியும் ஒருவர் எண்ணை மற்றவர்மேல் எறிவதற்கு இது ஆயுதமல்ல. சென்ற மாதத்து உங்கள் எண்ணோடு இம்மாதத்து உங்கள் எண்ணை ஒப்பிடுங்கள், அவ்வளவே. ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; நாடி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

இறங்க மறந்த நாடிக்கு மருந்து என்னவென்று மருத்துவரிடம் கேட்டேன். இருதயத்தில் இப்போதைக்கு அடைப்பின் அடையாளம் எதுவுமில்லையென்று சோதித்துச் சொன்ன அவர், மருந்துச் சீட்டில் ஒரே ஒரு வார்த்தையை எழுதிக் கொடுத்தார்: நடை. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு விரைவாக நடக்க வேண்டும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையும் அந்த அளவையே சொல்கிறது. நாள்தோறும் உழைப்பும் ஓய்வும் மாறிமாறி வரும்போது வேகஸ் நரம்பின் பிடி மெல்ல வலுப்பெறுகிறது. தராசு அசையுமுன்பே நாடி அசையத் தொடங்கலாம் என்றார் அவர். அவ்வாறே நடந்தது. மூன்று மாதத்தில் என் எடை குறைந்தது 2 கிலோ, வெளியில் சொல்லிக்கொள்ளும்படியானதன்று. முதல் நிமிட இறக்கமோ 11லிருந்து 16 ஆகியிருக்கிறது. திருவிழாக்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடியாவது உண்ணாவிட்டால் வருந்துகிறார்களே என்ற என் பழைய சமாதானத்தை மட்டும் இன்னும் முழுமையாகக் கைவிட்டேனில்லை.

நான் அந்தத் தாயின் வீட்டிற்குச் சென்று மகனோடு பேசினேன். அவர் முன்னிலையில் என் பிரசங்கத்திலிருந்த வேடிக்கைக்காக மன்னிப்பும் கேட்டேன். மகன் நல்ல பிள்ளை. அதற்குள் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டிருந்தான். வேண்டாமென்று சொல்ல நான் யார்? கடவத்தின் சுமை தாயின் முழங்காலுக்கும் கழுத்துக்கும் நல்லதன்று என்பதில் அவன் சொன்னதே சரி. நெடுநேரம் பேசினோம். முடிவில் வழி கண்டவர் அத்தாயே. இப்போது மீன் வண்டியில் போகிறது. மகன் ஊர் எல்லையில் கொண்டுபோய் நிறுத்துகிறான். அவர் தலையில் பாரமின்றி, கையில் ஒரு சிறு கூடையோடு, பழையபடி தெருத்தெருவாக நடந்து விற்கிறார். கூடை காலியானதும் வண்டிக்குத் திரும்பி நிரப்பிக்கொள்கிறார். முழங்கால் வலி பாதியாகிவிட்டதென்றார்.

“சாமி, நீங்களும் நடக்கணும்னுதான டாக்டர் சொன்னாரு? எங்கூட வாங்களேன்” என்று அவர் அழைத்து ஒரு மாதமாகிறது. வியாழன்தோறும் காலைத் திருப்பலி முடிந்ததும் செல்கிறேன். மேட்டுத் தெருவின் ஏற்றத்தில் அவர் விலை கூவிக்கொண்டே ஏறுகிறார். நான் பேசாமல் ஏறுகிறேன். மேலே போனதும் எனக்காக ஒரு நிமிடம் நிற்கிறார்.